மூன்றாவது விசிலுக்கு முன்னால்

என் வயதுக்காரர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மீதியைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை. வீட்டில் இருப்பவர்கள் பேசுவது ஒரு நாள் திடீரென்று புரியாமல் போனால், பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் காதில் விட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நான் எண்ணெய் விட்டுக்கொண்டவன். அதனால்தான் எனக்கு எழுத இவ்வளவு இருக்கிறது.

நான் மின்வாரியத்தில், மீட்டர் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய மீட்டர்களுக்குள் ஓர் அலுமினியத் தட்டு சுற்றும். அதன் விளிம்பில் ஒரு கறுப்புக் குறி இருக்கும். அந்தக் குறி எத்தனை முறை கண் முன்னால் வந்து போகிறது என்று எண்ணி, கடிகாரத்தோடு ஒப்பிட்டு, மீட்டர் சரியாக ஓடுகிறதா இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. வேலை முடிந்தும் எண்ணும் பழக்கம் முடியவில்லை. மாடிப்படிகளை எண்ணுவேன், மாத்திரைகளை எண்ணுவேன், எதிர்வீட்டு டிரைவ்வேயில் நிற்கும் கார்களை எண்ணுவேன். நியூஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் மகன் குமரன் வீட்டுக்கு வந்து தங்கிய பிறகு, என் மனைவி கோமதி இந்தப் பழக்கத்துக்கு ஒரு உபயோகம் கண்டுபிடித்தாள். குக்கர் விசிலை எண்ணும் பொறுப்பு எனக்கு. பருப்புக்கு மூன்று, கொண்டைக்கடலைக்கு ஐந்து. அடுப்புக்குப் பக்கத்துச் சாப்பாட்டு மேஜையில் என் நாற்காலி.

கோமதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் காலையில் எழுந்ததிலிருந்து பேசுவாள். வேகமாகப் பேசுவாள். பாலில் ஆடை கட்டவில்லை, பக்கத்து வீட்டு நாய்க்கு முடி வெட்டியிருக்கிறார்கள், நேற்று வந்த வெண்டைக்காய் முற்றல், தன் தங்கை போனை எடுக்கவில்லை, எல்லாம் ஒரே மூச்சில் வரும். மகன் வேலைக்குப் போய்விடுவான். மருமகள் வித்யா வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பாள், ஆனால் மாடியில், கதவைச் சாத்திக்கொண்டு. ஆகவே பகல் முழுவதும் கோமதியின் பேச்சைக் கேட்க இந்த நாட்டில் இருந்த ஒரே ஆள் நான்.

அன்று காலை குக்கரில் பருப்பு. நான் மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு விசில் வந்திருந்தது. கோமதி அடுப்பிலிருந்து திரும்பி என்னிடம் ஏதோ கேட்டாள்.

ஒலி வந்தது. அவள் குரல்தான், சந்தேகமில்லை. ஏற்ற இறக்கம் எல்லாம் அவளுடையதுதான். கடைசியில் குரல் மேலே போனதால் அது கேள்வி என்றும் தெரிந்தது. ஆனால் அதில் சொல் இல்லை. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உலுக்கியதுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"என்னது?" என்றேன்.

மறுபடியும் அதே கூழாங்கல்.

"வாயில என்ன வச்சிருக்க? ஒழுங்காச் சொல்லு."

அவள் என் பக்கத்தில் வந்து, குனிந்து, உரக்கச் சொன்னாள். டப்பா பெரிதானது, வேறொன்றும் மாறவில்லை. எனக்குக் கை கால் நன்றாக இருந்தது. தலைவலி இல்லை. நான் பேசுவதும் சரியாக வந்தது. முந்தின நாள் இரண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டிருந்தேன். ஆகவே, சளி காதை அடைத்துவிட்டது என்று நானே முடிவு கட்டி, எண்ணெய் காய்ச்சச் சொன்னேன். வலது காதில் நான்கு சொட்டு, இடது காதில் நான்கு சொட்டு, மேலே பஞ்சு. எண்ணெய் ஊறட்டும் என்று சோபாவில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

பிற்பகலில் வித்யா சாப்பிட இறங்கி வந்தாள். அதன் பிறகு நடந்த பேச்சுகளை அப்போது நான் கேட்டும் கேட்காதவன். மற்றவர்கள் பின்னால் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

வித்யா என் காதருகே விரலைச் சொடுக்கினாள். நான் திரும்பினேன். அவள் பேசினாள். நான் விழித்தேன். ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில், "மாமா, கார் சாவி எங்க?" என்று எழுதிக் காட்டினாள். நான் படித்து, சாவி தொங்கும் கொக்கியைக் கையால் காட்டினேன்.

"அத்தை, இது காது இல்லீங்க. மாமாவுக்குக் காது கேக்குது. படிக்கிறாங்க. பேச்சு மட்டும் புரியலீங்க."

"சளிம்மா. ஐஸ்கிரீம் தின்னாங்க, அதான். சாயங்காலம் சரியாயிரும்."

"இல்லீங்க அத்தை," என்று சொல்லும்போதே அவள் போனில் எண்களை அழுத்திவிட்டாள். கோயம்புத்தூர்ப் பெண். சண்டையைக்கூட மரியாதையாகப் போடுவாள். அன்று அவள் சண்டை போட்டிருக்காவிட்டால் நான் மாலைவரை எண்ணெயோடு ஊறியிருப்பேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் வந்த நர்ஸ் என் தலைக்குப் பக்கத்தில் வந்ததும் மூக்கைச் சுருக்கினாள். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, தலையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தார். பூண்டு. அதைத் துடைத்து எடுக்கவே ஓர் ஆள் தேவைப்பட்டது. குமரன் ஆபீசிலிருந்து ஓடி வந்து, எல்லாருக்கும் விளக்கம் சொன்னானாம்: "இட்ஸ் எ ஹோம் ரெமெடி." ஒருவர் அதை எழுதிக்கொண்டார். என் மருத்துவப் பதிவேட்டில் எங்கோ இன்னும் பூண்டு இருக்கிறது.

பிறகு மொழிபெயர்ப்பாளருக்காக சக்கரம் வைத்த கம்பத்தில் ஒரு திரையை உருட்டிக்கொண்டு வந்தார்கள். திரையில் ஒரு பெண்மணி, நல்ல தமிழில், "ஐயா, வணக்கம், உங்கள் பெயரைச் சொல்ல முடியுமா?" என்று கேட்டாராம். நான் பதில் சொல்லவில்லை. இவர் தமிழர் இல்லைபோல என்று நினைத்து, நர்ஸ் தெலுங்குக்கு மாற்றினாள். அதற்கும் பதில் இல்லை. இந்தி வந்தது. மூன்று திரைமுகங்கள் மாறியதை நான் எண்ணினேன். எனக்கு எல்லாருமே ஒரே டப்பாவைத்தான் உலுக்கினார்கள். கடைசியில் பொறுக்க முடியாமல் ஆங்கிலத்தில், "எழுதுங்கள், நான் படிப்பேன்" என்று கத்தினேன். நர்ஸ் பயந்துபோய், பிறகு சிரித்து, எழுதினாள்.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அந்தக் குழாய்க்குள் படுத்திருப்பவர்களுக்கு அது ஒரு பெரிய மேளம் என்று தெரியும். நான் எண்ண ஆரம்பித்தேன், வேறென்ன செய்வது? மெதுவாக டொம், டொம் என்று வந்தபோது எண்ண முடிந்தது. அது வேகமெடுத்ததும் தனித்தனி அடிகள் காணாமல் போயின. நீளமாக ஒரே கீறல்தான் கேட்டது. அடிகள் இருக்கின்றன என்று உடம்பின் அதிர்வில் தெரிகிறது, காதில் இல்லை. அப்போதுதான் முதல்முறையாகப் பயந்தேன். எண்ண முடியாத சத்தம் என்று ஒன்று என் வாழ்க்கையில் அதுவரை இருந்ததில்லை.

நரம்பியல் டாக்டர் மறுநாள் வந்து கட்டிலில் உட்கார்ந்து, தாளில் படம் போட்டு எழுதினார். குமரன் பக்கத்தில் நின்று தமிழில் எழுதினான். சுருக்கம் இது. மூளையின் இடப்பக்கம், காதுக்கு மேலாக, ஒலியைக் கவனிக்கும் இடத்தில் ரத்தக் குழாய் அடைத்து ஒரு பகுதி பழுதாகியிருக்கிறது. வலப்பக்கமும் அதே இடத்தில் ஒரு பழைய வடு இருக்கிறது. எப்போதோ, எனக்கே தெரியாமல் வந்து போன ஒன்று. ஒரு பக்கம் மட்டும் என்றால் மற்றது சமாளித்திருக்கும். இப்போது இரண்டும் போனதால் இந்த நிலைமை. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குக் காலக் கெடு உண்டு, அது நான் சோபாவில் தூங்கியபோது கடந்துவிட்டது.

"காதுதான் கேக்குதே?" என்றேன்.

அவர் எழுதியதை என் வார்த்தையில் சொல்கிறேன். காது சத்தத்தை உள்ளே அனுப்புவதோடு சரி. பேச்சு என்பது மிகச் சிறிய சத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசை. 'கல்' என்பதற்கும் 'பல்' என்பதற்கும் வித்தியாசம் ஆரம்பத்தில் கண் இமைப்பதற்குள் வந்து போகும் ஒரு துணுக்கில்தான் இருக்கிறது. மூளை அந்தத் துணுக்கைப் பிடிக்க வேண்டும். எது முதலில் வந்தது, எது அடுத்தது என்று வரிசை கலையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். அது முடிவதற்குள் அடுத்த சொல் வந்து நிற்கும். நாம் எல்லாரும் நாள் முழுவதும் இதைத் தெரியாமலே செய்துகொண்டிருக்கிறோம். என் மூளையில் அந்த வேலை நடக்கும் இடம்தான் பழுது. அதனால் அழைப்பு மணி அழைப்பு மணியாகவும், தண்ணீர் தண்ணீராகவும் கேட்கிறது. ராகம், கோபம், கேள்வி எல்லாம் குரலில் தெரிகிறது. சொல் மட்டும் சேருவதில்லை.

எனக்கு இது உடனே புரிந்தது. மீட்டரில் சுமை அதிகமானால் தட்டு வேகமாகச் சுற்றும். ஓர் அளவுக்கு மேல் கறுப்புக் குறி கண்ணில் நிற்காது. தட்டு சுற்றுவது தெரியும், பளபளப்பு தெரியும், குறி தெரியாது, எண்ண முடியாது. என் தலைக்குள் எல்லாருடைய பேச்சும் அப்படி ஆகியிருந்தது. நான் இதைச் சொன்னதும் டாக்டர் தாளில் பெரிதாக ஒரு டிக் போட்டார்.

"சரியாகுமா?"

"சிலருக்கு ஓரளவு திரும்பும். சிலருக்குத் திரும்பாது. இப்போதே சொல்ல முடியாது."

குமரன் முதல் வாக்கியத்தை மட்டும் தமிழில் எழுதினான். நான் மற்றவற்றை ஆங்கிலத்திலேயே படித்துவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை.

அந்த நாட்களில் வீட்டாரின் சின்னச் சின்னக் காரியங்கள் எனக்கு மருந்தைவிட அதிகம். வித்யா என் கட்டிலுக்கு மேலே ஓர் அட்டை ஒட்டினாள்: "இவருக்குக் காது கேட்கும், சொல் புரியாது. கத்த வேண்டாம், எழுதுங்கள். இவர் எல்லாவற்றையும் எண்ணுவார், எத்தனை என்று கேட்டால் பதில் சொல்லுங்கள்." கடைசி வரி அவளாகச் சேர்த்தது. குமரன் தினமும் ஃபிளாஸ்கில் ரசம் கொண்டுவந்தான். பேச்சை எழுத்தாக்கும் ஆப் ஒன்றைப் போனில் போட்டுக் கொடுத்தான். டாக்டர்களின் ஆங்கிலத்துக்கு அது நன்றாக வேலை செய்தது. கோமதியின் கோவில்பட்டித் தமிழுக்கு முன்னால் அது கைகட்டி நின்றது. அவள் பேசியதில் பாதி திரையில் வரவில்லை, வந்த பாதி அவள் பேசியதில்லை. பில்லை மட்டும் எனக்குக் காட்டக் கூடாது என்று மூன்று பேரும் கூடிப் பேசி வைத்திருந்தார்கள். எண்ணுகிறவனிடம் அதைக் கொடுத்தால் இன்னொரு அடைப்பு வரும் என்று பயம்.

கோமதிக்காக ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும் வாங்கி வந்தார்கள். அதுதான் எங்கள் பேச்சு என்று ஆனது.

முதல் நாள் அவள் எழுதினாள்: "சாப்பிட்டீங்களா." அடுத்து: "கால் வலிக்குதா." அடுத்து: "குமரன் 6 மணிக்கு வருவான்." கையால் துடைத்துத் துடைத்துப் பலகையின் ஓரம் கறுத்துப்போனது. அவளுக்கு எழுதத் தெரியாதென்றில்லை, அந்தக் காலத்துப் பள்ளி இறுதி வகுப்பு. ஆனால் பேனாவைக் கையில் எடுத்ததும், இது எழுதும் அளவுக்கு முக்கியமா என்று யோசிப்பாள். யோசித்தால் எதுவுமே முக்கியமில்லை. பால் ஆடையும் நாய் முடியும் வெண்டைக்காயும் பலகைக்கு வந்து சேரவில்லை. நாள் போகப் போக என் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் கையைக் கோத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நர்ஸ் குமரனிடம், "உங்கள் அம்மா மிகவும் அமைதியானவர்" என்று சொன்னாளாம். அவன் அதை எனக்கு எழுதிக் காட்டினான். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். பலகையைக் கோமதியிடம் நீட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

என் சிரிப்பும் அத்தோடு போயிற்று. நான் படிக்கிறேன், எழுதுகிறேன், பேசுகிறேன். எனக்கு இழப்பு பாதிதான். அவளுக்கு முழுதும் போய்விட்டது. இந்த ஊரில் அவளுக்கு இருந்த ஒரு காது நான்.

இன்னொன்றும் என்னை அரித்துக்கொண்டிருந்தது. அன்று அடுப்படியில் அவள் என்ன கேட்டாள்? சொல் போன பிறகு முதலில் வந்த கேள்வி அது. பதில் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அவளுக்கு நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னாளோ? ஊருக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டாளோ? மருமகளோடு ஏதாவது மனத்தாங்கலோ? படுத்துக்கொண்டு யோசிக்க நேரம் நிறைய இருந்தது.

"அன்னைக்கு என்ன கேட்ட?" என்றேன் ஒரு நாள்.

"ஒண்ணுமில்லை" என்று எழுதினாள்.

மறுபடி கேட்டேன். "ஒண்ணுமில்லை" என்பதன் கீழே கோடு போட்டாள். மூன்றாம் தடவை கேட்டபோது பேனாவை மூடி வைத்துவிட்டாள். ஒண்ணுமில்லை என்பதை இவ்வளவு அழுத்தி எழுதுகிறாள் என்றால் அது பெரிய விஷயம்தான் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

அதே மருத்துவமனையில் மறுவாழ்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே எனக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தவள் மெலிசா. சின்ன வயது, பொறுமைசாலி. என் காதில் ஹெட்ஃபோன் மாட்டி ஒரு சோதனை வைத்தாள். இரண்டு சொடுக்கு ஒலிகள் வரும். இரண்டாகக் கேட்டால் பொத்தானை இரண்டு முறை அழுத்த வேண்டும், ஒன்றாகக் கேட்டால் ஒரு முறை. நடுவில் உள்ள இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போவாள். நல்ல மூளைக்கு இமைக்கும் நேரத்தைவிட மிகச் சிறிய இடைவெளி போதும், அது இரண்டு என்று சொல்லிவிடும். எனக்கு இடைவெளி நன்றாக அகன்றால்தான் இரண்டு. கொஞ்சம் நெருங்கினாலும் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிடும். அடுத்து உயரமான ஒலி, தாழ்ந்த ஒலி. எது முதலில் வந்தது என்று சொல்ல வேண்டும். அதிலும் அப்படித்தான். எனக்கு இந்தச் சோதனை பிடித்திருந்தது, ஒழுங்கான சோதனை. பிழை எத்தனை சதவீதம் என்று ஒவ்வொரு நாளும் கேட்பேன். அவள் சிரித்துக்கொண்டு எழுதிக் கொடுப்பாள்.

இடைவெளி விட்டுப் பேச வேண்டும் என்று மெலிசா வீட்டாருக்குச் சொல்லிக் கொடுத்தாள். குமரனுக்கும் வித்யாவுக்கும் அது ஓரளவு வந்தது, எனக்குத்தான் ஒன்றும் சேரவில்லை. கோமதிக்கோ அதுவும் வரவில்லை. மெதுவாகப் பேசச் சொன்னால் அவள் ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து உரக்கக் கத்தினாள்.

"அத்தை, கத்தாதீங்க. சொல்லுக்குச் சொல்லு கேப் விடுங்க."

"விட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்! இதுக்கு மேல எங்கிட்டு விட?" இதையே அவள் மூச்சு விடாமல் சொன்னாளாம்.

அந்தப் பிரிவில் பயிற்சிக்கென்றே ஒரு சமையலறை இருந்தது. அடுப்பு, குழாய், அலமாரி எல்லாம் நிஜம். வீட்டுக்குப் போனால் ஆபத்தில்லாமல் நடமாடுவோமா என்று அங்கே பார்ப்பார்கள். ஒரு நாள் பகலில் மெலிசா எங்கள் இருவரையும் அங்கே கூட்டிக்கொண்டு போய் எழுதினாள்: "இன்று நீங்கள் சோறு வைக்கிறீர்கள். உங்கள் மனைவி உட்கார்ந்து பார்ப்பார். உதவி செய்யக் கூடாது."

நான் சோறு வைத்ததே கிடையாது. அது மெலிசாவுக்குத் தெரியாது. அரிசிப் பையைச் சாய்த்தேன். கப்பில் விழுந்ததைவிட மேடையில் விழுந்தது அதிகம். மேடையில் கிடந்ததை எண்ணிவிடலாம்போல் நான் குனிந்தபோது, நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கோமதி எழுந்து வந்துவிட்டாள். மெலிசா கையைக் காட்டித் தடுத்தாள். அதை யார் பார்த்தார்கள்? என்னை இடித்துத் தள்ளிவிட்டு, கப்பைப் பிடுங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி அளக்கத் தொடங்கினாள்.

"லாபம்."

அரிசி பாத்திரத்தில் விழுந்த சத்தம்.

"ரெண்டு."

மறுபடி அரிசி.

"மூணு."

எங்கள் பக்கம் அரிசி அளக்கும்போது முதல் அளவை ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்றுதான் ஆரம்பிப்போம். கோமதி தன் அம்மா வீட்டில் பழகியது, இந்த நாட்டுக்கு வந்தும் விடவில்லை. மூட்டை அளந்தாலும் மூன்று கப் அளந்தாலும் வாய்விட்டு எண்ணித்தான் அளப்பாள்.

"எதுக்கு மூணு?" என்றேன். "இங்க இருக்கிறது மூணு பேரு. அதுல அந்த மெலிசாப் பிள்ளை சோறே திங்காது. ரெண்டு போதாதா?"

கோமதியின் கை அப்படியே நின்றது.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

அவள் திரும்பினாள். கப்பில் இருந்த அரிசி தரையில் சிந்தியது. மெலிசாவைப் பார்த்து, "ஹி ஹியர்! மை கவுண்டிங், ஹி ஹியர்!" என்று கத்தினாளாம். பிறகு என் பக்கம் திரும்பி, இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தது மொத்தத்தையும் கொட்டினாள். எனக்குக் கூழாங்கல்தான் கேட்டது. என் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிப்போனது.

மெலிசா கெட்டிக்காரி. ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல், நடந்தது என்ன என்று பிடித்துக்கொண்டாள். கோமதியின் கையிலிருந்த கப்பைத் தொட்டுக் காட்டி, மறுபடி என்று சைகை செய்தாள். என்னைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தாள். லாபம், ரெண்டு, மூணு, நாலு. வந்தது. பழகிய வரிசை என்பதால் நானாக ஊகித்துச் சொல்கிறேனோ என்று, வரிசையில்லாமல் சொல்லச் சொன்னாள். "ஏழு. ரெண்டு. அஞ்சு." ஏழும் அஞ்சும் கிடைத்தன, நடுவில் உள்ளது நழுவியது. மூன்றில் இரண்டு. என் அத்தனை நாள் சோதனையிலும் அதுதான் அதிகபட்சம்.

பிறகு மெலிசா எழுதினாள். அரிசியை அள்ளி, தட்டி மட்டம் பண்ணி, கவிழ்க்க ஒரு நேரம் ஆகிறது. அந்த நேரம்தான் உங்கள் மூளைக்கு வேண்டிய இடைவெளி. ஒரு சொல்லின் ஒலிகளை வரிசைப்படுத்தி முடித்த பிறகுதான் அடுத்த சொல் வருகிறது. அதோடு, நூறு முறை கேட்ட வரிசை என்பதால் அடுத்து என்ன வரும் என்று மூளை தயாராக நிற்கிறது. அறையில் வேறு சத்தமும் இல்லை. மூன்றும் சேர்ந்து உதவியிருக்கின்றன.

எனக்குப் பட்டது இது. கோமதி கையால் மீட்டர் தட்டின் வேகம் குறைந்து, கறுப்புக் குறி கண்ணில் பட்டுவிட்டது.

அன்று பிற்பகல் சோறு வைக்கவேயில்லை. அதே மூன்று கப் அரிசி இந்தப் பாத்திரத்திலிருந்து அந்தப் பாத்திரத்துக்கும், அங்கிருந்து இங்கும் போய்க்கொண்டிருந்தது. ஒரு கப்புக்கு ஒரு சொல். கப் கையில் இருந்தால்தான் கோமதியால் இடைவெளி விட முடிந்தது. கீழே வைத்தால் பழைய வேகம். முதல் முழு வாக்கியத்தை இரண்டாம் முறை சொன்னபோது பிடித்தேன்.

"தலைமுடி." அரிசி. "வெட்டணும்." அரிசி. "உங்களுக்கு."

பலகையில் அவள் இதை எழுதியிருக்கவே மாட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் பயிற்சி நடக்கிறது. இப்போது நிலைமை என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அமைதியான அறையில், ஒருவர் மட்டும், நிறுத்தி நிறுத்திப் பேசினால் பெரும்பகுதி புரிகிறது. கப் இல்லாமல் பேசினால் முக்கால்வாசி நழுவிவிடும், மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினால் பரவாயில்லை. குழாய் ஓடினாலோ, மிக்ஸி ஓடினாலோ, இரண்டு பேர் சேர்ந்து பேசினாலோ எல்லாம் கூழாங்கல்தான். போனில் பேச்சு இல்லை. கோயிலில் யாராவது அங்கிள் என்று ஆரம்பித்தால் பையிலிருந்து வித்யாவின் அட்டையை எடுத்துக் காட்டிவிடுவேன். இன்னும் முன்னேற இடமிருக்கிறது என்று மெலிசா எழுதியிருக்கிறாள். எவ்வளவு சதவீதம் என்று கேட்டேன். அதற்கு மட்டும் அவள் பதில் எழுதவில்லை.

போன வாரம் ஒரு காலையில் கோமதி அரிசி அளந்துகொண்டிருந்தாள். நான் என் நாற்காலியில் இருந்தேன். வேறு யாரும் இல்லை. கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"கோமதி, அன்னைக்கு என்னதான் கேட்ட? மறைக்காமச் சொல்லு. எதுவா இருந்தாலும் நான் தாங்கிக்குவேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கப்பில் அரிசியை அள்ளினாள்.

"விசில்." அரிசி. "எத்தனை." அரிசி. "ஆச்சுன்னு." அரிசி. "கேட்டேன்."

நெஞ்சு வலியும் ஊர்ப் பயணமும் மருமகள் சண்டையும் ஒவ்வொன்றாக எழுந்து வெளியே போயின.

"அவ்வளவுதானா? இதை ஆஸ்பத்திரியில பலகையில எழுதியிருக்கலாம்ல? நான் என்னென்னவோ நெனச்சுப் பயந்துக்கிட்டுக் கெடந்தேன்."

"இதையெல்லாம்." அரிசி. "யாராவது." அரிசி. "எழுதுவாங்களா?"

பதில் பாக்கி இருந்தது. சொல்லிவிட்டேன்.

"ரெண்டு."

"தெரியும்." அளந்த அரிசியைப் பைக்கே திருப்பி, மறுபடி அள்ளினாள். "நானும்." அரிசி. "எண்ணுதேன்." அரிசி. "எப்பவும்."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. இத்தனை காலம் இந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே உத்தியோகம் அது.

"அப்ப என்னைய எதுக்குக் கேக்க?"

கோமதி கப்பை மேடையில் வைத்தாள். பாத்திரத்தைத் தொட்டியில் இறக்கிக் குழாயைத் திறந்து, அரிசி களைய ஆரம்பித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"சும்மா," என்றாள்.

கையில் கப் இல்லை. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அந்த ஒரு சொல் முழுதாக வந்து சேர்ந்தது.

பிறகு அவள் பருப்புக் குக்கரை அடுப்பில் ஏற்றினாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் விசிலுக்குக் காத்திருந்தேன்.